ஃபிஷிங்கில் மீன் எங்கே போனது?

திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: “இணையப் பாதுகாப்பு வகுப்பில் ஃபிஷிங், அதாவது போலிச் செய்தி அனுப்பிக் கடவுச்சொல்லைப் பறிப்பது பற்றிப் படித்தோம். மீன் பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் எஃப் எழுத்துதானே? இதற்கு மட்டும் ஏன் பி, எச் என்று இரண்டு எழுத்து? ஹேக்கர்கள் தேடலில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் எல்லாவற்றையும் பிழையாக எழுதினார்கள் என்று ஆசிரியர் சொன்னார். அது சரியா? தமிழில் இப்படி ஏதாவது உண்டா?”

தம்பி, உங்கள் ஆசிரியர் சொன்னது பாதி சரி. வடிகட்டியை, அதாவது சில சொற்களைத் தேடித் தடுக்கும் நிரலை, ஏமாற்ற எழுத்தை மாற்றினார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வசதிதான். ஆனால் வடிகட்டி என்ற ஒன்று வருவதற்கு முன்பே இந்தப் பிழைகள் வந்துவிட்டன. என் கணக்கில் இவை இரண்டு இனம். ஒன்று, வாய்விட்டுப் படித்தால் பிழையே தெரியாது. கண்ணுக்கு மட்டும் உறுத்தும். மற்றொன்று, பார்த்தால் இன்ன சொல் என்று புரிந்துவிடும். வாய்விட்டுப் படிக்கத்தான் வராது. முதல் இனம் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினிக்கு வந்தது. இரண்டாவது திரையிலேயே பிறந்தது. உங்கள் ஃபிஷிங் முதல் இனம்.

1960-களில் அமெரிக்கத் தொலைபேசி பெரும்பாலும் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் கையில் இருந்தது. வெளியூர் அழைப்புகளைச் சுமக்கும் தடம் சும்மா இருக்கும்போது அதில் 2600 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு கீச்சொலி ஓடிக்கொண்டிருக்கும். ‘இந்தத் தடம் காலி’ என்று ஓர் இணைப்பகம் இன்னோர் இணைப்பகத்துக்குச் சொல்லும் முறை அது. பேச்சு போகிற பாதையிலேயே இந்தக் கட்டளை ஒலியையும் போகவிட்டதில்தான் ஓட்டை விழுந்தது. கட்டணமில்லாத எண் ஒன்றை அழைத்து, போனில் பேசும் குழாயில் அந்த ஒலியை எழுப்பினால், அழைத்தவர் போனை வைத்துவிட்டார் என்று மறுமுனை நம்பிவிடும். இந்த முனையில் கட்டணம் எழுதும் கருவியோ இன்னும் இலவச அழைப்புதான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். பிறகு வேறு சில ஒலிகளைக் கொடுத்தால் உலகத்தின் எந்த மூலைக்கும் காசில்லாமல் பேசலாம். இந்த ஒலிகளின் விவரங்களை ஏ.டி. அண்ட் டி.யின் அங்கமான பெல் நிறுவனத்தின் சொந்த ஆய்விதழே 1954-லும் 1960-லும் அச்சிட்டு நூலகங்களுக்கு அனுப்பியிருந்தது என்பது இதில் ஒரு வேடிக்கை.

ஜோ எங்க்ரெசியா என்ற பார்வையற்ற சிறுவன் ஏழெட்டு வயதிலேயே சீழ்க்கை அடித்து இணைப்பைத் துண்டிக்க முடியும் என்று கண்டுபிடித்தான். சுருதி பிசகாத காது அவனுக்கு. ஜான் டிரேப்பர் என்பவர், காலை உணவுப் பொட்டலம் ஒன்றில் இலவசமாக வந்த பிளாஸ்டிக் ஊதல் அதே 2600 ஹெர்ட்ஸில் ஒலிப்பதைப் பிறர் சொல்லி அறிந்து, அந்த உணவின் பெயரான ‘கேப்டன் கிரஞ்ச்’ என்பதையே தன் பட்டப்பெயராக்கிக்கொண்டார். ஒரு விஷயத்தின் மேல் பித்துக்கொண்டு அலைபவரை ‘ஃப்ரீக்’ என்பது அன்றைய அமெரிக்க இளைஞர் வழக்கு. அது எஃப்-இல் தொடங்கும் சொல். போனின் மேல் பித்தானவர்கள், போன் என்ற சொல்லின் தலையிலிருந்த பி-எச்சை எடுத்து ஃப்ரீக்கின் தலையிலும் வைத்தார்கள். அப்படி வந்ததுதான் ‘போன் ஃப்ரீக்’. 1971 அக்டோபரில் எஸ்குயர் இதழில் ரான் ரோசன்பாம் எழுதிய நீண்ட கட்டுரை அந்தச் சொல்லை நாடறியச் செய்தது. அதைப் படித்துவிட்டுத்தான் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஸ்டீவ் ஜாப்ஸும் ஒலி எழுப்பும் ‘நீலப் பெட்டி’யைச் செய்து கல்லூரி விடுதிகளில் விற்றார்கள். ஆப்பிள் நிறுவனம் அதற்குப் பிந்தியது.

இங்கே யாரை ஏமாற்றினார்கள் என்று பாருங்கள். தொலைபேசி நிறுவனத்தைத்தான். அதையும் ஒலியால் ஏமாற்றினார்கள், எழுத்தால் அல்ல. கம்பியில் போகிற பேச்சுக்கு எழுத்துக்கூட்டல் கிடையாது. அப்படியானால் அந்த பி-எச் யாருக்காக? தங்களுக்குள் காட்டிக்கொள்வதற்காக. செய்திமடலில், கடிதத்தில், புனைபெயரில் அதைப் பார்த்ததும் ‘இவன் நம் ஆள்’ என்று தெரியும். மறைப்பதற்கு அது உதவவே உதவாது, உண்மையில் காட்டிக்கொடுக்கும்.

நம் ஊரில் சீழ்க்கை அடித்து யாரும் இணைப்பகத்தை ஏமாற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மதுரைக்காரர்களின் சாமர்த்தியம் வேறு மாதிரி. எஸ்.டி.டி. பூத்தில் இரவு கட்டணம் இறங்கட்டும் என்று வெளித் திண்ணையில் காத்திருப்பார்கள். செல்போன் வந்த பிறகு, பஸ் மாட்டுத்தாவணிக்குள் நுழைந்தால் ஒரு ரிங், வீடு வந்து சேர்ந்தால் இரண்டு ரிங் என்று பேசி வைத்துக்கொண்டு, காசு செலவாகாமல் ஒரு குடும்பமே செய்தி அனுப்பிக்கொண்டது. மிஸ்டு காலுக்கும் எழுத்துக்கூட்டல் தேவைப்படவில்லை.

போன் பித்தர்களின் பிள்ளைகள் அடுத்த தலைமுறையில், போன் கம்பியில் கணினியை இணைக்கும் மோடம் வாங்கினார்கள். அந்த பி-எச்சும் கூடவே வந்தது. 1985 நவம்பரில் தொடங்கிய ‘ஃப்ராக்’ என்ற மின்னிதழின் பெயரே ஃப்ரீக், ஹேக் இரண்டையும் ஒட்டியது. அதில் வந்த கட்டுரைகளை ‘ஃபைல்’ என்பார்கள். அதையும் பி-எச் போட்டே எழுதினார்கள். 1984-இல் தொடங்கி இன்றும் வருகிற இன்னொரு காலாண்டிதழ் அந்தக் கீச்சொலியின் எண்ணான 2600 என்பதையே பெயராக வைத்துக்கொண்டது. ஒலியை மறக்காத கூட்டம்.

இப்போது உங்கள் மீனுக்கு வருகிறேன். 1990-களின் நடுவில் அமெரிக்கா ஆன்லைன் என்ற இணையச் சேவையில் திருட்டு மென்பொருள் பரிமாறும் சிறுவர் கூட்டம் ஒன்று இருந்தது. முதலில் போலியான கடன் அட்டை எண்களை ஒரு நிரலால் உருவாக்கிக் கணக்குத் தொடங்கினார்கள். நிறுவனம் 1995-இல் அந்த வழியை அடைத்தது. போலிக் கணக்கு கிடைக்காதபோது அடுத்தவருடைய உண்மைக் கணக்கு வேண்டியதாயிற்று. ‘நான் நிறுவனத்தின் ஊழியர், சரிபார்ப்பதற்காக உங்கள் கடவுச்சொல்லைத் தாருங்கள்’ என்று அரட்டை அறைகளில் செய்தி அனுப்பினார்கள். தூண்டிலைப் போட்டுவிட்டு எது கடிக்கும் என்று காத்திருக்கும் வேலை என்பதால் அதற்கு மீன்பிடித்தல் என்று பெயர். செய்தவர்கள் ஃப்ரீக் பரம்பரை என்பதால் எஃப் போய் பி-எச் வந்தது. யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத அரங்கில் 2600 பெயரில் இருந்த குழுவில் 1996 ஜனவரியிலேயே இந்தச் சொல் பதிவாகியிருக்கிறது. ஆக, அந்த பி-எச் தொலைபேசி வழி வந்த குடும்ப அடையாளம். அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

தமிழில் எழுதும்போது இந்த வேடிக்கை அப்படியே காணாமல் போகிறது. எஃப் ஆனாலும் பி-எச் ஆனாலும் நாம் எழுதுவது ‘ஃபி’தான். மேலே நான் ‘பி-எச்’ என்று பல முறை எழுத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது அதனால்தான்.

காதுக்குச் சரியாகவும் கண்ணுக்குத் தவறாகவும் எழுதும் விளையாட்டு அமெரிக்காவில் போனுக்கும் முந்தியது. 1830-களின் கடைசியில் பாஸ்டன் நகரப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது: சொற்றொடரைக் கேலியாகப் பிழைபட எழுதி, பிறகு அந்தப் பிழையின் முதலெழுத்துகளை மட்டும் போடுவார்கள். ‘ஆல் கரெக்ட்’ என்பதை ஓ-விலும் கே-யிலும் தொடங்கும்படி எழுதிச் சுருக்கியதுதான் ஓ.கே. 1839 மார்ச் 23 தேதியிட்ட பாஸ்டன் மார்னிங் போஸ்ட் இதழில் அது அச்சாகியிருப்பதை ஆலன் வாக்கர் ரீட் என்ற ஆய்வாளர் 1960-களில் தேடி எடுத்தார். தெற்குமாசி வீதியில் டீ சொன்னாலும் ‘ஓ.கே.’ என்கிறோமே, அது அந்தக் கேலிப்பிழைகளில் பிழைத்துக்கொண்ட ஒன்று. விளம்பரக்காரர்கள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. சி வரவேண்டிய இடத்தில் கே போட்டுக் கடைக்குப் பெயர் வைப்பது 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் சர்வ சாதாரணம். கூல்-எய்ட், க்ரிஸ்பி க்ரீம் எல்லாம் அந்த வகை. அகராதியில் உள்ள சாதாரணச் சொல்லை வணிகச் சின்னமாகப் பதிவு செய்வது கடினம், எழுத்தை மாற்றினால் எளிது என்பது அதற்குப் பின்னால் இருந்த கணக்கு. இப்படிப்பட்ட பெயர்ப்பலகைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் ஆப்பிள் கணினியின் விளையாட்டுகளைப் பூட்டுடைத்து, தங்களைச் சி இல்லாமல் கே போட்டு ‘க்ராக்கர்’ என்று எழுதிக்கொண்டவர்கள்.

திருட்டு மென்பொருளைக் குறிக்கும் ‘வேர்ஸ்’ என்பதும் இதே இனம். சாஃப்ட்வேரின் பின்பாதியைப் பன்மையாக்கி, கடைசியில் எஸ்ஸுக்குப் பதில் இசட் போடுவது. ஆங்கிலத்தில் அந்தப் பன்மை ஈற்றை உச்சரித்துப் பாருங்கள், ஒலி இசட்தான். கோட்ஸ், ஃபைல்ஸ், கேம்ஸ் எல்லாவற்றுக்கும் அப்படியே. அகராதி எஸ் என்று எழுதச் சொல்கிறது, வாய் இசட் என்கிறது, பையன்கள் வாயின் பக்கம் நின்றார்கள். இதைப் பிழை என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

இனி திரைக்கு வருவோம். 1978 பிப்ரவரியில் சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் முதல் கணினி அறிவிப்புப் பலகையைத் திறந்தார்கள். போன் வழியே ஒருவருடைய வீட்டுக் கணினியை அழைத்து, எழுதிவிட்டு வைப்பது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போக முடியும். நொடிக்கு 30 எழுத்து வேகம், ஒவ்வோர் எழுத்தும் கண்ணெதிரே நடந்து வரும். இத்தகைய பலகைகள் பெருகியபோது சிலவற்றில் எல்லோருக்கும் திறந்த முன்னறையும், நம்பிக்கையானவர்களுக்கு மட்டும் திறக்கும் உள்ளறையும் ஏற்பட்டன. உள்ளறைக்காரர்கள் ‘எலீட்’, மேட்டுக்குடி. அந்தச் சொல்லை முதலில் காதுக்கு ஏற்றபடி இ-எல்-இ-இ-டி என்று கெடுத்தார்கள். பிறகு அதன்மேல் எண்களைப் பூசினார்கள். பெரிய ‘இ’யைத் திருப்பிப் பார்த்தால் 3. எல் ஒரு நிமிர்ந்த கோடு, ஆகவே 1. டி எழுத்தின் பாதி 7. சேர்த்து எழுதினால் 31337. ஒரே சொல்லில் இரண்டு இனமும் அடுக்காக இருப்பதை இங்கே பார்க்கலாம்: அடியில் காதுப்பிழை, மேலே கண்பிழை. முப்பத்தோராயிரத்து முந்நூற்று முப்பத்தேழு என்று வாய்விட்டுப் படித்தால் ஒன்றும் கிடைக்காது. டெக்சாஸ் மாநிலத்தில் 1984-இல் தொடங்கிய ‘கல்ட் ஆஃப் த டெட் கௌ’ என்ற குழு, 1998-இல் விண்டோஸ் கணினியைத் தொலைவிலிருந்து ஆட்டிவைக்கும் ஒரு நிரலை வெளியிட்டபோது கட்டளைக்காக அது காத்திருக்கும் ‘போர்ட்’, அதாவது இணைப்பு வாசலின் எண்ணாக 31337-ஐயே வைத்தது. கெட்டிக்காரத்தனத்தைவிட இதில் பகட்டுதான் அதிகம். அந்த எண்ணில் அசைவு தெரிந்தால் கதவைச் சாத்து என்று எந்த நிர்வாகியும் ஒரே நாளில் கற்றுக்கொள்ள முடியும்.

இந்த எண்ணெழுத்துக்குத்தான் ‘தேடலில் சிக்காமல் இருக்க’ என்ற விளக்கத்தை எல்லோரும் சொல்கிறார்கள். நான் அதை முழுதாக ஏற்பதில்லை. அன்றைய பலகைகள் சிறியவை. நடத்துபவர் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் கண்ணால் படிக்கக்கூடியவர். கண்ணால் படிப்பவரிடம் 3-ஐப் போட்டு இ-யை மறைக்க முடியாது. வெளியாள் ஒருவன் உள்ளே வந்தால் அவனுக்கு வாசிக்கச் சற்று நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அந்தச் சற்று நேரத்தில்தான் புதியவன் யார் என்று தெரிந்துவிடுகிறது.

எண்ணை எழுத்தாகப் படிக்க வைக்கும் இந்தக் குறும்பு தமிழனுக்குப் புதிதில்லை. நம் பழைய எண்களில் பாதி எழுத்துகளின் சாயல்தான். எட்டுக்குக் குறி ‘அ’, கால் என்ற பின்னத்துக்குக் குறி ‘வ’. ஔவையார் கம்பரைத் திட்டியதாக வழங்கும் தனிப்பாடல் ‘எட்டேகால் லட்சணமே’ என்று தொடங்குகிறது. எட்டு அ, கால் வ. அவலட்சணமே என்று பொருள். அடுத்தது எமனேறும் பரி, அதாவது எருமை. பள்ளியில் படித்த நினைவு உங்களுக்கு இருக்கும். அமெரிக்கப் பையன்கள் செய்ததைவிட இது ஒரு படி மேல் என்பேன். அவர்களுக்கு எண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டும். இங்கே எண்ணின் பெயரைக் காதால் கேட்டு, மனத்துக்குள் அதன் வடிவத்தை எழுதி, அந்த வடிவத்தை எழுத்தாகப் படிக்க வேண்டும். ஜவுளிக்கடைக்காரர்களின் பழைய வழக்கம் இதற்கு நேர்மாறு: எழுத்து திரும்பி வராத பத்தெழுத்துத் தொடர் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று கணக்குக் கொடுத்து, துணியின் சீட்டில் அடக்க விலையை எழுத்தாக எழுதிவிடுவார்கள். வாடிக்கையாளர் கையிலேயே சீட்டு இருக்கும். விற்பவர் மட்டும் அதைப் பார்த்து எவ்வளவு இறங்கலாம் என்று முடிவு செய்வார். விளக்குத்தூண் பக்கம் புடவை வாங்கப் போகிறவர்கள் பழைய கடைகளில் கவனித்துப் பார்க்கலாம்.

கைதவறி வந்த பிழைகளும் உண்டு. ஆங்கிலத்தில் ‘தி’ என்ற சொல்லை வேகமாகத் தட்டும்போது கடைசி இரண்டு எழுத்துகள் இடம் மாறிவிடும். எல்லோருக்கும் நேர்வது. பிறகு அதையே வேண்டுமென்று எழுதிக் கேலி செய்தார்கள். (மதுரையை ‘மருதை’ என்று நம் பாட்டிமார் சொல்வதிலும் இரண்டு எழுத்து இடம் மாறித்தான் இருக்கிறது, அங்கே தவறியது நாக்கு, விரல் அல்ல.) எதிரியின் கணினியைக் கைப்பற்றியதை ‘ஓன்’, அதாவது ‘சொந்தமாக்கினேன்’ என்பது ஹேக்கர் வழக்கு. விசைப்பலகையில் ஓ-வுக்கு அடுத்த விசை பி. விரல் ஒரு விசை நகர்ந்தால் உயிரெழுத்தே இல்லாத ஒரு சொல் கிடைக்கிறது. விளையாட்டுக்காரர்கள் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். எப்படி உச்சரிப்பது என்பதில் இன்றுவரை சண்டை. ‘வூட்’ என்ற மகிழ்ச்சிக் கூச்சலை நடுவில் இரண்டு சுழியம் போட்டு எழுதுவதை 2007-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ஆண்டின் சொல்லாகவே அறிவித்தது.

கைதவறிய பிழைகளில் எனக்குப் பிடித்தது பிட்காயின்காரர்களுடையது. 2013 டிசம்பர் 18, விலை சரிந்துகொண்டிருந்த நாள். குடித்திருந்த ஒருவர் ‘நான் விற்காமல் வைத்திருக்கிறேன்’ என்று இணையத்தில் எழுதும்போது ‘ஹோல்டு’ என்ற சொல்லின் எல்லும் டி-யும் இடம் மாறிவிட்டன. மற்றவர்கள் அதைக் கொடியாகத் தூக்கிக்கொண்டார்கள். சில காலம் கழித்து, அந்த நான்கு எழுத்துகளும் ‘உயிரே போனாலும் பிடித்துக்கொள்’ என்ற பொருள் தரும் ஒரு வாக்கியத்தின் முதலெழுத்துகள் என்று ஒரு கதை கிளம்பியது. முழுக்கப் பின்னால் ஒட்டவைத்தது. இந்தத் துறையில் ஒரு சொல்லுக்கு இப்படி அழகான விரிவாக்கம் கிடைத்தால் முதலில் சந்தேகப்படுங்கள்.

இயந்திரம் உறையவைத்த பிழைகள் கொச்சை அல்ல என்றாலும் அவற்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. யூனிக்ஸ் இயங்குதளத்தில் புதிய கோப்பை உருவாக்கும் கட்டளைக்கு, ‘க்ரியேட்’ என்ற சொல்லின் கடைசி இ-யை விட்டுவிட்டுப் பெயர் வைத்தார்கள். யூனிக்ஸை மறுபடி எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்ஸனைக் கேட்டபோது, அந்த இ-யைச் சேர்ப்பேன் என்றார். இன்னொன்று நீங்கள் தினமும் அனுப்புவது. ஓர் இணைப்பைச் சொடுக்கும்போது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்பதை உலாவி அடுத்த தளத்துக்குச் சொல்லும். அப்படிச் சொல்லும் தலைப்பு வரிக்கு ‘ரெஃபரர்’ என்று பெயர். இரட்டை ஆர் வரவேண்டிய இடத்தில் ஒற்றை ஆர்தான் இருக்கிறது. ஃபிலிப் ஹாலம்-பேக்கர் என்ற கணினி அறிஞர் முன்வைத்த பெயர் அது. அன்றைய யூனிக்ஸ் எழுத்துப்பிழை திருத்திக்குச் சரியான வடிவமும் தெரியவில்லை, பிழையான வடிவமும் தெரியவில்லை. 1996-இல் நெறிமுறை ஆவணத்தில் பிழையோடு ஏறியது. அதற்குள் உலகத்தின் சர்வர்கள் எல்லாம் அந்தப் பிழையையே எதிர்பார்த்து நின்றன. பல ஆண்டுகள் கழித்து அதைக் கட்டுப்படுத்த இன்னொரு தலைப்பை உருவாக்கியபோது அதில் சரியாக இரண்டு ஆர் போட்டார்கள். இப்போது பிழையும் திருத்தமும் பக்கத்துப் பக்கத்திலேயே வாழ்கின்றன.

நிறுவனப் பெயர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2004-இல் ஃப்ளிக்கர் ஓர் இ-யைத் தொலைத்தது. 2006-இல் தொடங்கியபோது ட்விட்டரில் உயிரெழுத்தே இல்லை, ஐந்து மெய்யெழுத்துகள்தான். நல்ல முகவரியை ஏற்கெனவே வேறு யாரோ வாங்கி வைத்திருந்தார்கள் என்பது பெரும்பாலும் காரணம்.

தமிழில் எழுத்தைக் கெடுத்தது குறும்பு அல்ல, இடநெருக்கடி. குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால் 160 எழுத்து அடங்கும். தமிழ் போன்ற எழுத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 16 பிட் வேண்டும், ஆகவே 70 இடம்தான். அந்த எழுபதும் நாம் நினைக்கிற எழுத்துகள் அல்ல. ‘வந்துவிட்டேன்’ என்பதில் நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. ஆனால் புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனியே கணக்காவதால் அது 13 இடத்தை விழுங்கும். ஐந்து முறை வந்துவிட்டேன் என்றால் செய்தி நிரம்பிவிடும். அன்றைய பல செல்போன்களில் தமிழ் எழுத்தே தெரியாமல் கட்டம் கட்டமாக வேறு நிற்கும். காசும் கட்டமும் சேர்ந்துதான் ஒரு தலைமுறையை ஆங்கில எழுத்தில் தமிழ் எழுத வைத்தன. அதற்காகப் பிள்ளைகளைத் திட்டுபவர்கள் அன்றைய கட்டணப் பட்டியலை ஒரு முறை பார்த்துவிட்டுத் திட்டலாம்.

அதற்கும் முன்னால் யூஸ்நெட் காலத்தில் தமிழர்கள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியபோது, ளகரத்துக்குப் பெரிய எல், ணகரத்துக்குப் பெரிய என், றகரத்துக்குப் பெரிய ஆர் என்று சொல்லின் நடுவில் பெரிய எழுத்துகளைச் செருகினார்கள். பார்ப்பதற்கு அமெரிக்கப் பையன்களின் கிறுக்கல் போலவே இருக்கும். நோக்கம் முற்றிலும் வேறு: அவர்கள் வேண்டுமென்று குழப்பினார்கள், இவர்கள் ஒரு புள்ளி பிசகாமல் இருக்கப் பாடுபட்டார்கள். அந்தக் கூட்டத்திலிருந்துதான் 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரத்தின் தலைமையில் மதுரைத் திட்டம் தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் வைக்கும் முயற்சிக்குச் சங்கம் வளர்த்த ஊரின் பெயரை வைத்தார்கள். நம் ஊர் டி.டி.பி. கடைகளிலோ பாமினி எழுத்துரு ஆட்சி செய்தது. பாமினியில் தமிழ் என்று தட்ட ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பெண்கள், எழுத்து தேய்ந்துபோன விசைப்பலகையைக் குனிந்தும் பார்க்காமல் இந்த வரிசையில் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளுவார்கள். அந்தக் கோப்பை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், எந்த ஹேக்கரும் கனவு காணாத ரகசியக் குறியீடு ஒன்று திரையில் நிற்கும்.

உங்கள் ஆசிரியர் சொன்ன அந்தப் பாதிக்கு இப்போதுதான் இடம் வருகிறது. ஆளுக்குப் பதில் இயந்திரம் காவலுக்கு நின்ற பிறகு, கண்பிழைக்கு உண்மையாகவே வேலை வந்தது. இயந்திரத்துக்கு எழுத்தின் எண் தெரியுமே தவிர அதன் வடிவம் தெரியாது. ஓ-வும் சுழியமும் அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லாத இரண்டு பொருள்கள். அமெரிக்கா ஆன்லைனின் கெட்டவார்த்தை வடிகட்டி 1996-இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களை உள்ளே விட மறுத்தது. ஊர்ப்பெயரின் நடுவில் தற்செயலாக ஒரு கெட்டவார்த்தை இருந்ததுதான் குற்றம். கடைசியில் நிறுவனமே ஓர் எழுத்தை மாற்றி ஊர்ப்பெயரைப் பிழையாக எழுதி ஒப்பேற்றியது. அடுத்து வந்தது மருந்து விற்கும் குப்பை மின்னஞ்சல் காலம். ஐ-க்கு 1, ஏ-க்கு மின்னஞ்சல் முகவரியில் வரும் சுருள் குறி, எழுத்துக்கு எழுத்து இடைவெளி. இதற்கு ஆயுள் அதிகம் இல்லை. 2002-இல் பால் கிரஹாம் என்ற நிரலாளர் நிகழ்தகவு முறையில் குப்பையைப் பிரிக்கும் யோசனையை எழுதியபோதே சொல்லிவிட்டார்: சரியாக எழுதிய கெட்டவார்த்தையை நல்லவரும் எழுதக்கூடும், சுழியம் செருகி எழுதியதை விற்பவன் மட்டும்தான் எழுதுவான், ஆகவே பிழையே வலுவான சாட்சி. இன்று இந்த உத்தி மிச்சமிருப்பது மனிதக் கண்ணை ஏமாற்றும் இடத்தில். எம் என்ற எழுத்துக்குப் பதில் ஆர்-ஐயும் என்-ஐயும் ஒட்டிப் போட்ட வங்கி முகவரியைச் செல்போன் திரையில் கண்டுபிடிக்க எனக்கே கண்ணாடி வேண்டும். ரஷ்ய எழுத்தின் ‘அ’ ஆங்கில ஏ-யின் அச்சாகவே இருக்கும்; அதைச் செருகினால் கண்ணாடியும் உதவாது. அதனால்தான் வங்கி முகவரியைச் செய்தியிலிருந்து சொடுக்காமல் நாமே தட்ட வேண்டும் என்கிறார்கள்.

சில ஆண்டுகளாக நடப்பது இன்னும் சுவாரசியம். காணொளித் தளங்களின் நிரல்கள் பேச்சைக் கேட்டுத் தாமே எழுத்தாக்கிக்கொள்கின்றன. இயந்திரத்துக்குக் காது முளைத்துவிட்டது. பேசும்போது சுழியத்தை எங்கே செருகுவது? தலைப்பில் ‘கொ.லை’ என்று நடுவில் புள்ளி வைப்பவர்கள், வாயைத் திறக்கும்போது அந்தப் புள்ளியை உச்சரிக்க முடியாமல் நிற்கிறார்கள். பரவலைக் குறைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் ஆங்கிலக்காரர்கள் ‘செத்தான்’ என்பதற்கு ‘உயிரிலியானான்’ என்பது போல ஒரு புதுச் சொல்லைப் பேசத் தொடங்கினார்கள். எழுத்தை மாற்றும் காலம் போய் சொல்லையே மாற்றும் காலம் வந்துவிட்டது.

இதற்கு நம்மிடம் பழைய இலக்கணம் இருக்கிறது. சொல்ல வேண்டிய சொல்லை விட்டு வேறு சொல்லால் சொல்வதை நன்னூல் மூன்றாகப் பிரிக்கிறது: நாகரிகம் கருதி மறைப்பது இடக்கரடக்கல், அமங்கலத்தை மாற்றிச் சொல்வது மங்கலம், ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வைத்துக்கொள்வது குழூஉக்குறி. ‘உயிரிலி’ மங்கலத்தில் சேரும். குழூஉக்குறிக்கு உரைகாரர்கள் தரும் எடுத்துக்காட்டு, பொற்கொல்லர்கள் பொன்னைப் ‘பறி’ என்பது. தெற்காவணி மூல வீதிப் பட்டறையில் இரண்டு பேர் பறியைப் பற்றிப் பேசிக்கொண்டால் எந்த வடிகட்டியாலும் ஒன்றும் செய்ய முடியாது. எழுத்தும் சரி, உச்சரிப்பும் சரி, அகராதியிலும் இருக்கிற சொல். விவரம் தெரிந்து ‘பறி’யைத் தடை செய்தாலோ, உசிலம்பட்டிப் பக்கம் விடியற்காலையில் மல்லிகை பறிக்கப் போகிறவர்கள் அத்தனை பேரும் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களோடு சேர்ந்து வாசலில் நிற்க வேண்டியதுதான்.